பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரம்: தாய்க்காக வீட்டில் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

கேள்வி: கார்மேகம்

மனைவிக்கு 35-ஆம் வாரம் நடக்கிறது, முதல் குழந்தை. ஹீமோகுளோபின் 10.2, இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறார். மற்ற பரிசோதனைகள் எல்லாம் இயல்பு. வீட்டில் நாங்கள் இருவரும் என் அக்காவும் இருப்போம். குழந்தைக்கு வேண்டியதை எல்லாம் வாங்கியாகிவிட்டது. தாய்க்கு என்ன ஏற்பாடு செய்வது என்று தேடினால் "ஓய்வெடுக்க விடுங்கள், அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்ற அளவில் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

தாய்ப்பால் மட்டுமே கொடுக்க விரும்புகிறார். அப்படியென்றால் இரவு வேலையை நாங்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது? அழுகையும் சோர்வும் எதுவரை இயல்பு? எந்த அறிகுறிக்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்? கடைசியாக ஒன்று. சில வருடங்களுக்கு முன் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்திருக்கிறார். மகப்பேறு மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. சொல்லத்தான் வேண்டுமா?

---

பேறுகாலச் செவிலி

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் பிறகு, இதை அடுத்த பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். முன்பு மனச்சோர்வு வந்திருப்பதுதான் பிரசவத்துக்குப் பிறகு அது திரும்ப வரக்கூடும் என்பதற்கு மிகப் பெரிய முன்னறிகுறி. எந்த மாத்திரை, எத்தனை மாதம், எதனால் நிறுத்தினார், நிறுத்திய பின் எப்படி இருந்தார் என்று நாலு வரி எழுதி எடுத்துப் போங்கள். அவருக்கோ அவருடைய அம்மா, அக்கா, தங்கைக்கோ இருதுருவ மனநோய் (பைபோலார்; மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கும், சில காலம் ஆழ்ந்து சோரும்) இருந்ததா, பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கிப் போனதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வரலாறு இருந்தால் பிரசவத்துக்கு முன்பே மனநல மருத்துவரோடு திட்டம் போட்டாக வேண்டும். சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. ஆனால் சொன்னால் யாரும் குழந்தையைப் பிரித்துவிட மாட்டார்கள் என்பதை அவருக்குப் புரிய வையுங்கள். பல பெண்கள் வாய் திறக்காததற்கு அந்தப் பயமே காரணம்.

ஹீமோகுளோபின் 10.2 என்பது கர்ப்பகாலத்தில் இருக்க வேண்டிய 11-க்குக் கீழே. மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் போடும் விதத்தில்தான் கோளாறு இருக்கும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை நான்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். புளிப்பான பழச்சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் 6 முதல் 12 வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். பிரசவத்தில் ரத்தம் போன உடம்பு ரத்தசோகையோடு இருந்தால் மூச்சு வாங்கும், எரிச்சல் வரும், எதிலும் மனம் ஒட்டாது. பார்க்கிறவர்கள் அதை மனச்சோர்வு என்றோ, சோம்பல் என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

இனி, உடனே கிளம்ப வேண்டியவை. இதைத் தாளில் எழுதி வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். நடுராத்திரியில் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைவது. கோழிமுட்டை அளவுக்கு மேல் ரத்தக்கட்டி விழுவது. பாராசிட்டமாலுக்கு அடங்காத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, வலது விலாவுக்குக் கீழே கடும் வலி. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலிப்பது. வலிப்பு, மயக்கம். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தையலில் சீழ். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு. இதில் எது வந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரசவமாகி எத்தனை நாள் ஆயிற்று என்பதை மருத்துவமனையில் நுழைந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மகப்பேறு வார்டுக்கு வெளியே இருப்பவர்கள் தாங்களாக அதைக் கேட்பார்கள் என்று நம்ப முடியாது.

ரத்தப்போக்கின் இயல்பான போக்கு: முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு, பிறகு பத்து நாள் வரை பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, அதன் பிறகு மஞ்சள்வெள்ளை. நாலிலிருந்து ஆறு வாரத்தில் நிற்கும். நிறம் மாறிய பிறகு மறுபடி சிவப்பு கொட்டினால் ஒன்று அதிகம் நடமாடிவிட்டார், படுத்து ஓய்வெடுத்தால் குறையும். இல்லையென்றால் கருப்பையில் நச்சுக்கொடித் துணுக்கு தங்கியிருக்கலாம் அல்லது கிருமித்தொற்று. குறையாவிட்டால் அன்றே காட்டுங்கள்.

தையல் போட்டிருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை முன்பக்கமாக ஊற்றிக்கொண்டே இருந்தால் எரிச்சல் பாதியாகும். துடைப்பது முன்னிருந்து பின்னோக்கி. பிரசவமாகி ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் வரவில்லை என்றால் அங்கிருக்கும் செவிலியரிடம் சொல்லியே ஆக வேண்டும். முதல் மலம் கழிக்கப் பலரும் பயந்து அடக்குவார்கள். அடக்க அடக்க இறுகி, தையலுக்குத்தான் கேடு. மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். காலுக்குக் கீழே சின்ன முக்காலி, சுத்தமான நாப்கினை மடித்துத் தையல் மேல் லேசாக அழுத்திப் பிடிப்பது, மூச்சை வெளியே விட்டபடி போவது. இந்த மூன்றும் போதும்.

வலிக்குப் பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் இரண்டுமே பாலூட்டும்போது எடுக்கலாம் (வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் ஐபுபுரோஃபென் வேண்டாம், கர்ப்பமாக இருக்கும் இப்போதும் வேண்டாம்). கோடீன் கலந்த வலி மாத்திரை கூடாது. வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. வலி இருந்தால் பால் சுரந்து இறங்குவதும் தடைப்படும்.

இன்னும் ஒன்று, பிரசவம் வரைக்குமானது. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாக அவருக்குத் தோன்றினால் அன்றே போய்க் காட்ட வேண்டும்.

---

மனநல ஆலோசகர்

அழுகையைப் பற்றிக் கேட்டீர்கள். பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாளில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்கும். காரணமில்லாமல் அழுகை, அடுத்த நிமிடமே சிரிப்பு, சின்ன விஷயத்துக்கும் பதற்றம். பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வரும். நாலு ஐந்தாம் நாளில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். மருந்து தேவையில்லை, தூக்கமும் பக்கத்தில் ஆளும் வேண்டும்.

இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தாலோ, நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனாலோ அது வேறு. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஏறக்குறைய ஏழு முதல் பத்துப் பேரில் ஒருவருக்கு வருகிறது. முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அழுகையை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள். பலருக்கு அது எரிச்சலாக, கோபமாக, குழந்தை மூச்சு விடுகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து பார்ப்பதாக வரும். எனக்கு மிக முக்கியமான அறிகுறி இதுதான்: குழந்தை அயர்ந்து தூங்குகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, அப்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை. வெறும் களைப்பாக இருந்தால் தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுவார்.

எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987-இல் வந்தது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாளைப் பற்றி; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. சில கேள்விகளுக்கு மதிப்பெண் தலைகீழாக வரும், கூட்டும்போது கவனம். பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்; 10 முதல் 12 என்றால் இரண்டு வாரத்தில் மறுபடி நிரப்பிப் பார்ப்பார்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இது நோயை உறுதிசெய்யும் கருவி அல்ல, யாரை உடனே பார்க்க வேண்டும் என்று சல்லடை போடுவது. முன்வரலாறு இருப்பதால் இப்போதே ஒரு தடவை, பிறகு இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று நிரப்பச் சொல்லுங்கள். தனியாக உட்கார்ந்து நிரப்பட்டும். நீங்களோ அக்காவோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிடுவார்.

இனி, தள்ளிப்போடவே கூடாத நிலை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று மனம் முழுக்கக் கலங்கும். இரண்டு மூன்று நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பார், பேச்சு வேகமாகித் தொடர்பறுந்து போகும், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கை பேசுவார். இது மருத்துவ அவசரநிலை. தனியாக விடாதீர்கள், குழந்தையை வேறொருவர் வைத்திருக்கட்டும், அந்த நேரமே மருத்துவமனை. சிகிச்சையில் நன்றாகக் குணமாகும்.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. "குழந்தை கை நழுவி விழுந்துவிட்டால்", "இந்தக் கத்தி பட்டுவிட்டால்" என்று கேட்காமலே மனதில் படம் ஓடுவது புதுத் தாய்மார்களுக்கு மிகச் சாதாரணம். அந்த எண்ணம் அவரையே நடுங்க வைக்கும், அதனால் கத்தியை எடுத்து மறைத்து வைப்பார். இவர் ஆபத்தானவர் அல்ல. அன்றாட வேலையே முடங்குகிறது என்றால் சிகிச்சை தேவை. மனம் கலங்கிய நிலையில் இருப்பவருக்கோ அந்த எண்ணம் தவறென்றே படாது.

சிகிச்சையில் நடக்கும் பெரிய தவறு: மாத்திரை வேண்டுமென்றால் பாலை நிறுத்த வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுவார்கள், தாய் மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிடுவார். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பாலூட்டும் தாய்க்குப் பெரும்பாலும் முதலில் யோசிக்கப்படும் மருந்து அதுதான். முன்பு வேறொரு மருந்து நன்றாக வேலை செய்திருந்தால் அதையே தொடங்குவதும் உண்டு, மருத்துவர் முடிவு செய்வார். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரமாகும், நன்றானதும் தாமாக நிறுத்தக் கூடாது. லேசான சோர்வுக்கு முறையான பேச்சு சிகிச்சையே போதும். அதற்கு எப்போதும் நிபுணர்தான் வேண்டும் என்பதுமில்லை: பாகிஸ்தான் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிய ஆய்வு 2008-இல் வெளியானது. மனச்சோர்வோடு இருந்த கர்ப்பிணிகளில், பிரசவமாகி ஆறு மாதம் கழித்தும் அது நீடித்தது வழக்கமான கவனிப்பில் 53 சதவீதம் பேருக்கு, இந்தப் பேச்சு சிகிச்சை கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் பின்னர் அதைக் கையேடாகவே வெளியிட்டது.

மருத்துவரைப் பார்க்கும்போது தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி முதலில் படபடப்பாகவும், சில மாதம் கழித்து மந்தமாகவும் காட்டும், மனநோய் போலவே இருக்கும்.

தூக்கத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவிக்கு அது மருந்துக்குச் சமம். மொத்தம் எட்டு மணி நேரம் துண்டு துண்டாகத் தூங்குவதைவிட நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்குவது மனதைக் காக்கும். முதல் வாரத்திலிருந்தே இரவில் ஒரு வேளை பாலைப் பீய்ச்சி வைத்து நீங்கள் கொடுத்துவிடுங்கள், அவர் ஐந்து மணி நேரம் தூங்கட்டும்.

---

பாலூட்டல் ஆலோசகர்

மேலே சொன்னதில் ஒரே இடத்தில் மாறுபடுகிறேன். நாலைந்து மணி நேரத் தூக்கம் வேண்டும், சரி. முதல் வாரத்திலேயே ஒரு வேளையை விட்டுவிடச் சொல்வது சரியில்லை. எவ்வளவு அடிக்கடி பால் வெளியேறுகிறதோ அந்த அளவுக்குத்தான் அடுத்து சுரக்கும். அந்தக் கணக்கை மார்பு பழகிக்கொள்வது முதல் மூன்று நாலு வாரத்தில். இரவில் சுரப்பு ஹார்மோனும் அதிகம். அந்த வேளையைத் தொடர்ந்து தவிர்த்தால் மூன்றாம் நாலாம் நாளில் மார்பு கல்லாகக் கட்டும், பிறகு பால் குறையும், "எனக்குப் பால் போதவில்லை" என்ற கவலை அதன் மேல் வந்து உட்காரும். மனச்சோர்வு வரலாறு உள்ளவருக்கு அந்தக் கவலை தூக்கமின்மைக்குச் சற்றும் குறைந்ததில்லை.

முதல் மூன்று வாரம் இப்படிச் செய்யுங்கள். இரவு எட்டரை மணிக்குப் பால் கொடுத்ததும் அவர் வேறு அறையில் படுத்துவிட வேண்டும். குழந்தை உங்களிடமோ அக்காவிடமோ. அடுத்த பசி எப்போது வருகிறதோ அப்போது குழந்தையைக் கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள். அதற்குள் இரண்டரை மூன்று மணி நேரம் தூங்கியிருப்பார். டயப்பர் மாற்றுவது, ஏப்பம் எடுப்பது, திரும்பத் தூங்க வைப்பது எல்லாம் உங்கள் வேலை. அவர் விழித்திருப்பது பாலூட்டும் இருபது முப்பது நிமிடம் மட்டும். நள்ளிரவு வரை ஒருவர், அதன் பின் இன்னொருவர் என்று நீங்களும் அக்காவும் முறை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை ஏந்திக்கொண்டு சோபாவில் கண் அசந்துவிடுவது மிக ஆபத்து. தூக்கம் சொக்கினால் குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள்.

எடை நன்றாக ஏறி, வலியில்லாமல் பாலூட்டல் நடக்க ஆரம்பித்த பின், மூன்று நாலு வாரத்தில், பீய்ச்சிய பாலை ஒரு வேளை நீங்கள் கொடுக்கலாம். பீய்ச்ச ஏற்ற நேரம் காலையில் முதல் பாலூட்டல் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. அப்போது சுரப்பு அதிகம். ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லி போதும். அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள் வைக்கலாம். சூடான தண்ணீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். குழந்தை வாய் வைத்து மிச்சமான பாலை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். தூங்கி எழும்போது மார்பு கனத்திருந்தால் கனம் குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சினால் போதும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மனநிலை உண்மையிலேயே சரிகிறது, அல்லது இருதுருவ நோய் வரலாறு உண்டு என்றால் மனநல ஆலோசகர் சொன்னதே முதலில். அப்போது பாலின் அளவு குறைந்தாலும் பரவாயில்லை, தூக்கத்தைக் காப்பாற்றுங்கள்.

தூக்கத்தைக் கெடுப்பது பாலூட்டும் எண்ணிக்கை அல்ல. 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை என்பது இயல்பே. கெடுப்பது, சரியாகப் பிடிக்காத வாய். ஒரு மணி நேரம் சப்பியும் வயிறு நிறையாது, காம்பும் புண்ணாகும். பக்கத்தில் இருப்பவர் பார்த்தே கண்டுபிடிக்கலாம். குழந்தையின் வயிறு தாயின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. மூக்கு காம்புக்கு நேராக. கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். முகவாய் முதலில் பதியும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழே ஏறக்குறைய தெரியாது. கன்னம் குழிவிழாமல் உருண்டையாக இருக்கும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு விழுங்கும் சத்தம் கேட்கும். வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள்: உருண்டையாக இருந்தால் சரி. ஒரு பக்கம் நசுங்கிச் சரிந்தோ, நுனி வெளுத்தோ இருந்தால் பிடிப்பு ஆழமில்லை. முதல் அரை நிமிடத்துக்குப் பிறகும் வலித்தால், குழந்தையின் வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிக்க வையுங்கள். "பழகினால் சரியாகிவிடும்" என்று பல்லைக் கடிக்கக் கூடாது.

பால் போதுமா என்பதற்கு டயப்பரே சாட்சி. ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு அல்லது அதற்கு மேல் ஈர டயப்பர், மூன்று நாலு தடவை மஞ்சள் மலம். பிறந்த எடை முதலில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்து இரண்டு வாரத்தில் திரும்ப வரும். 10-ஐத் தாண்டிக் குறைந்தாலோ, பாலுக்குக்கூட எழாமல் தூங்கினாலோ, தோலில் மஞ்சள் நிறம் கால் வரை இறங்கினாலோ அன்றே குழந்தை மருத்துவர்.

பால் கட்டினால் கருவட்டத்தைச் சுற்றி விரல் நுனிகளால் உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் இளகும், அதன்பின் குழந்தை பிடிக்கும். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த ஒத்தடம். கட்டி இருக்கிறதென்று அமுக்கித் தேய்ப்பதையும் முழுக்கக் காலி செய்யப் பீய்ச்சிக்கொண்டே இருப்பதையும் இப்போது பரிந்துரைப்பதில்லை. திசு நசுங்கி வீக்கம் கூடும், சுரப்பும் கூடும். மார்பில் ஒரு பகுதி சிவந்து, குளிர்காய்ச்சல், உடம்பு வலி வந்தால் பாலூட்டலை நிறுத்தாமல் ஐபுபுரோஃபெனும் ஐஸும். 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவர்.

---

மனநல ஆலோசகர்

ஏற்கிறேன். முதல் மூன்று வாரத்துக்கு நீங்கள் சொன்ன முறையே நல்லது. ஒரு நிபந்தனை மட்டும்: நாலாம் ஐந்தாம் நாளிலேயே "கண்ணை மூடினாலும் தூக்கம் வரவில்லை" என்று அவர் சொன்னால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம்.

---

கார்மேகம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழைய மாத்திரை விவரத்தை எழுதி வைத்துவிட்டோம், அடுத்த சந்திப்பில் அவரே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு சந்தேகம். சிசேரியன் ஆனால் என்ன மாறும்? அவர் எப்படி இருக்கிறார் என்று எந்த வார்த்தையில் கேட்பது? "நல்லா இருக்கியா" என்றால் எப்போதும் "நல்லா இருக்கேன்"தான்.

---

மனநல ஆலோசகர்

ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாதபடி கேளுங்கள். "நேற்று ராத்திரி நீ எத்தனை மணிக்குத் தூங்கின, எப்போ எழுந்த?" "இன்னிக்கு எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" வாரத்துக்கு ஒரு தடவை நேரடியாக இரண்டு கேள்வி: சமீபத்தில் மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாமல் அடிக்கடி இருந்ததா? வழக்கமாகப் பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லுங்கள். பயமுறுத்தும் எண்ணங்கள் பற்றி: "நிறைய அம்மாக்களுக்குப் பயங்கரமான நினைப்பு தானா வருமாம், உனக்கும் வருதா?" தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு, அது உண்மையில்லை. கேட்டால் பாரம் இறங்கும். பதில் எதுவாக இருந்தாலும் உடனே தீர்வு சொல்லாதீர்கள், முழுக்கக் கேளுங்கள். உங்களையும் பாருங்கள், அப்பாக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருகிறது.

---

இயன்முறை மருத்துவர்

சிசேரியன் என்றால் எல்லாவற்றுக்கும் முதலில் படுக்கையிலிருந்து எழும் முறை. நேராக எழுந்து உட்கார்ந்தால் முழு இழுப்பும் தையல் மேல் விழும். இரண்டு முழங்காலையும் மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக ஒரு பக்கம் புரள வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்ப்பக்க முழங்கையையும் மேல்கையையும் ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, தலை சுற்றாவிட்டால் நிற்கலாம். படுப்பது இதே வரிசை, தலைகீழாக. இருமும்போது மடித்த துண்டையோ தலையணையையோ தையல் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் 24 மணி நேரத்துக்குள் நடக்க வைப்பார்கள், மறுக்க வேண்டாம். காலில் ரத்தம் உறைவதைத் தடுப்பது அந்த நடைதான். படுத்திருக்கும்போதும் மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கலாம். ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. குழந்தையோடு சேர்த்துத் தூக்கும் கூடையும் அந்தக் கணக்கில் அதிகம்தான், அதை நீங்கள் தூக்குங்கள்.

எந்தப் பிரசவமானாலும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி உண்டு, கர்ப்பத்திலேயே தொடங்கலாம். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே மேலிழுத்து ஐந்து விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுக்கத் தளர்த்துவது. மெல்ல மெல்லப் பத்து விநாடிக்குக் கொண்டுவரலாம். பத்துத் தடவை, அதன் பின் வேகமாகப் பத்து. தினம் மூன்று வேளை. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குவது. தளர்த்துவதை விட்டுவிடுவது இன்னொன்று. தளராத தசை களைத்துப்போகும், வேலை செய்யாது. உண்மையில் சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது. பிரசவத்துக்குப் பின், சிறுநீர் வெளியேற வைத்த குழாய் இருந்தால் அதை எடுத்து, இயல்பாகச் சிறுநீர் போக ஆரம்பித்ததும் மறுபடி தொடங்கலாம். மூன்று மாதம் கழித்தும் இருமினால், தும்மினால் கசிகிறது என்றால் குழந்தை பெற்றால் அப்படித்தான் என்று விடாதீர்கள். சரிசெய்யக்கூடியது அது.

ஓட்டமும் குதிப்பும் 12 வாரம் வரை வேண்டாம். நடை போதும். குழந்தையை அக்குளில் கைவிட்டுக் கட்டைவிரல் விரிய விரியத் தூக்கினால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி வரும். பிட்டத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து முன்கையில் ஏந்தச் சொல்லுங்கள்.

---

கார்மேகம்

தலைவலி, பார்வை மங்குவது பற்றி மேலே சொல்லியிருந்தார்கள். அதற்காக வீட்டில் ரத்த அழுத்தக் கருவி வாங்கி வைக்கலாமா? கர்ப்பத்தில் அழுத்தம் எப்போதும் இயல்பாகத்தான் இருந்தது.

---

பேறுகாலச் செவிலி

வாங்கி வையுங்கள். கர்ப்பம் முழுக்க இயல்பாக இருந்தவருக்கும் பிரசவத்துக்குப் பின் ஏறலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். பலரும் மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்ட நேரம் அது. முதல் பத்து நாள் காலையும் மாலையும் பாருங்கள். ஆறு வாரம் வரை வரக்கூடியது என்பதால் பத்து நாளுக்குப் பிறகும் தலைவலி வந்தால் பார்க்க வேண்டும்.

மேல்கையில் மாட்டும் கருவியாக வாங்குங்கள், மணிக்கட்டில் மாட்டுவது வேண்டாம். பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சின்னதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். பாதம் தரையில், கால் மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல். பட்டை துணிக்கு மேல் இல்லாமல் நேரடியாகத் தோலில். அளக்கும்போது பேச்சும் பாலூட்டலும் வேண்டாம். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 160/110 தொட்டால், மேல் எண் மட்டும் தொட்டாலும் கீழ் எண் மட்டும் தொட்டாலும், தலைவலி இல்லாவிட்டாலும், கிளம்பிவிடுங்கள். இரண்டாவது அளவை வண்டியில் போகும்போது எடுக்கலாம். 140-க்குக் கீழே இருந்தும் கடும் தலைவலியோ பார்வைக் கோளாறோ இருந்தால் கருவியை நம்ப வேண்டாம், அப்போதும் போய்க் காட்டுங்கள்.